வற்றுக்காலக் காசு

முருகன் துணை.

வெள்ளிக்கிழமை தோறும் கோயில் மண்டபத்தில் என்னோடு உட்கார்ந்து பூத்தொடுக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன பூசத்தின்போது உங்களில் ஒருவர் கேட்டீர்கள், "ஏன்க்கா, இத்தனை வருஷமா விரதம் இருக்கீங்க, ஒரு தடவகூட பால்குடம் எடுத்து நான் பாத்ததில்லையே?" என்று. முழங்கால் வலி என்று சொல்லிச் சமாளித்தேன். கோயிலுக்குள் உட்கார்ந்து சொன்ன பொய் அன்றிலிருந்து நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. வாயால் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வயதுக்காரர்களுக்குப் பழைய பிரிக்பீல்ட்ஸ் மறந்திருக்காது. துவைத்துக் காயப்போட்ட துணியில் ரயில் கரி படியும். சங்கு ஊதினால் நேரம் தெரியும். ரயில்வே குவார்ட்டர்ஸைத் தாண்டி, ஆற்றை ஒட்டின சேற்றுப் பூமியில் எங்கள் மாட்டுக் கொட்டகை இருந்தது. அப்பா பல வருஷம் ரயில் பாதையில் கட்டை மாற்றும் வேலை செய்து, வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில் மாடு வாங்கினார். ஊரிலிருந்து தன் தம்பியைக் கப்பலில் இந்த மலாய் நாட்டுக்கு வரவழைத்தார். அவர்தான் என் சித்தப்பா. அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். கறவை முழுக்க அவர் கையில்தான். படுக்கையும் கொட்டகையிலேயே.

மாடு நான்கு. கருப்பி, மயிலை, சுட்டி, செவலை. நான்கையும் கட்டி மேய்த்தது அப்பாவும் சித்தப்பாவும் என்றால், அந்தக் கொட்டகை கவிழாமல் வைத்திருந்தது அம்மா.

எப்படி என்று சொல்கிறேன். மாடு பத்து மாதம் கறக்கும். கன்று போடுவதற்கு முன்னால் இரண்டு மாதம் மடி வற்றிவிடும். அந்த இரண்டு மாதமும் ஒரு சொட்டுப் பால் வராது. தீனி மட்டும் முன்னைவிட அதிகமாக வேண்டும், வயிற்றில் கன்று இருக்கிறதே. குவார்ட்டர்ஸ் ஆட்கள் பால் காசை மாதத்துக்கு ஒரு தரம், சம்பளத்தன்றுதான் தருவார்கள். தவிடும் புண்ணாக்கும் விற்கிற சீனக் கடை முதலாளி தவுக்கேக்கோ சனிக்கிழமை சனிக்கிழமை கையில் காசு வைக்க வேண்டும். வருகிற காசு ஒரு நாள், போகிற காசு நாலு நாள். இதற்கு நடுவில் அம்மா ஒரு பாலம் கட்டியிருந்தார்.

டின்பால் டப்பா நான்கு. மூடியை ஈயம் வைத்துப் பற்ற வைத்து, நடுவில் காசு நுழைகிற அளவுக்கு வெட்டு. ஒவ்வொரு டின்னிலும் ஒரு நிறத் துணி. அந்த மாட்டின் கழுத்து மணியிலும் அதே நிறம். செவலைக்குச் சிவப்பு, கருப்பிக்கு மஞ்சள். மாடு கறக்கிற நாளெல்லாம் அதன் டின்னில் ஐந்து காசு விழும். மாடு வற்றின அன்றுதான் டின்னை உடைக்கலாம். அதுவரை வீட்டில் உலை கொதிக்காவிட்டாலும் தொடக்கூடாது. "அது அவ சோறு. அவ கறந்து அவ சேத்து வச்சது. நாம தொட்டா பாவம்" என்பார் அம்மா. கொட்டகையில் முருகன் படத்துக்குக் கீழே நான்கு டின்னும் தொங்கும். கொசுவுக்காகப் போடும் மூட்டத்தின் புகை, நாள் முழுக்க அந்த டின்களைத் தடவிக்கொண்டே போகும். காசு போடும்போது அம்மா "முருகா" என்று சொல்வார். உண்டியலில் போடுகிற மாதிரிதான்.

இன்னொரு கட்டுப்பாடும் அம்மா வைத்திருந்தார். ஒன்று ஈனும்போது ஒன்று வற்றவேண்டும். நான்கும் ஒன்றாகச் சினையாகக் கூடாது.

அதைத்தான் அப்பா உடைத்தார்.

பூசம் வந்தால் பால் விலை எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். பத்துமலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பவர்கள் மூன்று மடங்கு கொடுத்தும் வாங்குவார்கள். அந்த வருஷத்துப் பூசத்தில் எங்களிடம் இரண்டு மாடுதான் கறந்தது. பாதிப் பேரை வெறுங்குடத்தோடு திருப்பி அனுப்பினோம். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த பூசத்துக்கு நான்கும் கறக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். காளைக்குக் கத்தின மாட்டையும் விடாமல் இழுத்துப் பிடித்து வைத்து, சித்திரையில் நான்கையும் ஒன்றாக விட ஏற்பாடு செய்தார்.

"நாலும் தையில கன்னு போட்டா, கார்த்திகை மார்கழியில நாலும் வத்திப்போகுமேங்க. அப்ப என்னத்தத் திங்கிறது?" என்றார் அம்மா.

"டின்னு இருக்குல்ல? எதுக்குத் தொங்குது அது? பூசத்தோட சேத்துப் பாரு. முருகனுக்குப் பால் குடுக்கிறோம், அவன் நம்மள விட்டுருவானா?"

"முருகன் தவிட்டுக்கட வச்சிருக்கலீங்க."

பளாரென்று ஒரு அறை. அம்மாவின் மூக்குத்தி கழன்று சாணியில் விழுந்தது. சித்தப்பா குனிந்து தேடி எடுத்துக் கழுவிக் கொடுத்தார்.

மாட்டுத் தரகர் ஒருவர் காளையை ஓட்டிக்கொண்டு வந்தார். கிள்ளான்காரர். எல்லாரும் அவரைப் பாய் என்போம். ஒரு மாதத்துக்குக் காளை எங்கள் கொட்டகையிலேயே நிற்கும் என்று பேச்சு. வந்த அன்றே அது அப்பாவைத் தூணோடு சேர்த்து நெருக்கிவிட்டது. அப்பாவுக்கு மூச்சு நின்று வந்தது. எழுந்தவர் வண்டிச் சங்கிலியை எடுத்தார். காளை கட்டிக் கிடந்தது. எங்கும் ஓட முடியாது. மூக்கிலிருந்து ரத்தம் சரம் சரமாக விழும்வரை அடித்தார். "போதும் அண்ணே, வாயில்லாச் சீவன்!" என்று சித்தப்பா குறுக்கே விழுந்தார். அவர் முதுகிலும் இரண்டு விழுந்தது. எனக்குப் பத்து வயது. கோபம் வந்தால் அப்பாக்கள் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"காளை வாடகைக்குப் பணம் ஏதுங்க?" என்று அம்மா கேட்டதற்கு, "பூசம் முடிஞ்சு குடுத்தாப் போதும்னு பாய் சொல்லிட்டாரு" என்றார் அப்பா.

ஆடி பிறப்பதற்குள் ஊர் தலைகீழாகிவிட்டது. கித்தா ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களைக் கழித்தார்கள். ரயிலிலும் கழித்தார்கள். குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு வீடு மூட்டை கட்டினார்கள். நாகப்பட்டினம் கப்பலுக்கு ஆட்டு மந்தை மாதிரி போனார்கள். பால் காசு வரவில்லை. அம்மா டின்னில் ஐந்து காசு போட்ட இடத்தில் ஒரு காசு போட்டார். அப்புறம் அதுவும் இல்லை.

வசூலுக்கு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போவார். பால் ஊற்ற ஊற்ற அந்தந்த வீட்டுக் கதவு நிலையில் கரிக்கோடு போட்டு வைப்பது என் வேலை. ஒரு கோடு ஒரு நாள். ஒரு வீட்டில் கோடு முழுவதையும் ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் ரயிலில் கைகாட்டி வேலை பார்த்தவர். வேலை போய் மூன்று வாரம்.

"கோடு எங்கடா?" என்றார் அப்பா.

"எந்தக் கோடு? நாங்க டின்பால்தான் குடிக்கிறோம்."

"என் பொண்ணு பொய் சொல்றாளா?"

அவ்வளவுதான். அப்பா அவரை நிலையிலேயே வைத்து முகத்தில் குத்தினார். துடைத்த மரத்தில் ரத்தம் தெறித்தது. அவர் மனைவி கைக்குழந்தையோடு ஓடி வந்து, அடுப்பில் இருந்த பித்தளைத் தவலையைச் சோற்றுத் தண்ணீரோடு எங்கள் முன்னால் போட்டுவிட்டு, "எடுத்துட்டுப் போங்கய்யா, ஆள விட்டுருங்க" என்று கும்பிட்டாள். அப்பா எடுத்துக்கொண்டார். சூட்டோடு அதை நான்தான் சுமந்தேன். அந்தத் தவலையை விற்ற காசு அரை மூட்டைத் தவிட்டுக்குக்கூடப் போதவில்லை.

கார்த்திகை முதல் வாரம் கருப்பி வற்றினாள். மத்தியானம். அம்மா குளித்துவிட்டு வந்து, முருகனுக்குச் சூடம் காட்டி, மஞ்சள் துணி கட்டின டின்னை இறக்கினார். சித்தப்பா உளியால் மூடியை வெட்டினார். அம்மா முந்தானையை விரித்துக் கவிழ்த்தார்.

மேலாக ஒரு பிடிச் சில்லறை விழுந்தது. அதன் பின்னால் துருப்பிடித்த நட்டுகளும் ஆற்றுக் கூழாங்கல்லும் விழுந்தன.

அப்பா மற்ற மூன்றையும் பிடுங்கி வெட்டினார். மூன்றும் அப்படித்தான்.

"எவன்டா? எவன் கைய வச்சான் சாமி காசுல?"

கொட்டகையில் படுப்பவர் ஒருவர்தான். அப்பா அவரைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தார். அப்போது நான் வாயைத் திறந்தேன்.

"சித்தப்பா ஒரு நாள் செவலை டின்ன எடுத்துக் காதுகிட்ட வச்சு ஆட்டிக்கிட்டு இருந்தாங்க. நான் பாத்தேன்."

பார்த்தது உண்மை. ஒரு மத்தியானம் புல்லுக்கட்டோடு வந்தபோது பார்த்தேன். என்னைக் கண்டதும் அவர் டின்னை அவசரமாக மாட்டிவிட்டு, உதட்டில் விரலை வைத்தார். காசின் சத்தத்துக்கும் இரும்பின் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரிகிற மனிதர், யாரைச் சந்தேகப்பட்டார், ஏன் வாயை மூடிக்கொண்டார் என்பதெல்லாம் எனக்கு இப்போது புரிகிறது. அன்று அந்த விரல் எனக்குத் திருட்டாகத்தான் தெரிந்தது.

அப்பா முளைக்கட்டையை எடுத்தார். மாடு கட்ட மண்ணில் அடிக்கும் கட்டை அது, என் கால் தடிமன் இருக்கும். முதல் அடி தோளில். இரண்டாவது விலாவில். சித்தப்பா திருப்பி அடிக்கவில்லை, ஓடவும் இல்லை. "அண்ணே... சாமி முன்னால சொல்றேன்ணே..." என்றார். மூன்றாவது அடி தலைக்கு வந்தது. வலக்கையைத் தூக்கித் தடுத்தார். காய்ந்த விறகு முறிகிற சத்தம். மாடு நான்கும் கயிற்றை இழுத்துக்கொண்டு ஒதுங்கின.

கீழே விழுந்தவர் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

பக்கத்து மலாய்க் கிராமத்து வைத்தியர் வந்து மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார். சித்தப்பா கொட்டகையை விட்டுப் போகவில்லை. போக இடமில்லையென்று நினைத்தோம். சினை மாடுகளை விட்டுப் போக மனமில்லை என்பதுதான் உண்மை. அம்மா தினம் கஞ்சி கொடுத்துவிடுவார். நான் அதை எட்ட வைத்துவிட்டு, "திருடனுக்குக் கஞ்சி" என்று சொல்லிவிட்டு ஓடுவேன். ஒரு நாள் வேண்டுமென்றே பாதியைக் கொட்டினேன். அவர் இடக்கையால் குவளையைத் தூக்கிக் குடித்தார். ஆண்டவன் சாட்சியாக எழுதுகிறேன், அந்தக் கஞ்சியின் வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

அம்மா ஒன்று செய்தார். செவலையின் டின்னில் அந்த நட்டுகளையும் கல்லையும் திரும்பப் போட்டு முருகன் படத்துக்குக் கீழேயே மாட்டினார். "அவனே பாத்துக்கட்டும்" என்றார்.

மார்கழியில் நான்கு மடியும் வற்றிவிட்டது. தவுக்கே எங்களைக் கண்டாலே கல்லாவை மூடினார். "காசு தடா, தவிடும் தடா" என்பார். காசு இல்லையென்றால் தவிடும் இல்லை. மாடுகளின் விலா எண்ணும்படி ஆகிவிட்டது. வயிறு மட்டும் தொங்கியது. நானும் அம்மாவும் ஆற்றோரம் புல் அறுக்கப் போவோம். மற்றக் கொட்டகைக்காரர்களும் அதே புல்லுக்குத்தான் வருவார்கள். ஒரு பிடிப் புல்லுக்குத் தலைமயிரைப் பிடித்து உருண்டார்கள். என் புருவத்தில் இருக்கும் தழும்பைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பெண் புல்லரிவாள் பிடியால் அடித்தது. அவளைக் குறை சொல்லமாட்டேன். அவள் வீட்டிலும் வற்றின மாடு இருந்திருக்கும்.

பூசம் வரை நான்கும் செத்துப்போகாமல் நிற்க வேண்டும். வீட்டில் வேறு வேண்டுதல் கிடையாது.

அப்போதுதான் கிள்ளான் பாய் வந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்றபடி மாடுகளைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. நாலையும் வச்சுக்கிட்டு நாலையும் கொல்லப் போறீங்க. ஒண்ணக் குடுத்துட்டு மூணக் காப்பாத்துங்க. செவலைய நான் எடுத்துக்கிறேன்."

"சினை மாட்ட வெட்டுக்குக் கேக்க வந்தியா?" என்றார் அப்பா.

"வெட்டுக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க. காஜாங்கில ஒரு குடும்பம் வளக்கக் கேக்குது. வயித்துப் புள்ளக்காரிய வெட்டுக்குக் குடுக்க எனக்கென்ன ஈமான் இல்லையா?"

"எந்திரிச்சுப் போயிரு பாய். இது சாமி மாடு."

"சாமி மாட்டப் பட்டினி போடலாமாக்கும்?" பாய் சிரித்துக்கொண்டே அம்மா பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு தங்கச்சி. நான் காசுக்குப் பறக்கிறவனா? சித்திரையில காளைக்கு நாப்பது வெள்ளி குடுத்தாரு உன் வீட்டுக்காரரு. அத்தனையும் அஞ்சு காசுச் சில்லறை. கன்னங்கரேல்னு புகை நாத்தம். என் வீட்டுல புளி போட்டுத் தேச்ச பொறவுதான் கடக்காரன் வாங்கினான். நான் ஒரு வார்த்த சொன்னேனா?"

மூலையில் கட்டுக் கையோடு உட்கார்ந்திருந்த சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"பூசம் முடிஞ்சு குடுத்தாப் போதும்னு சொன்னீங்களே" என்றார் அம்மா. மெல்லத்தான் சொன்னார்.

அப்பா கூரையில் செருகியிருந்த புல்லரிவாளை உருவினார். அம்மாவைப் பார்க்க முடியாமல்தான் பாயின் மேல் பாய்ந்தார் என்று இப்போது தோன்றுகிறது. பாய் முழங்கையைக் குறுக்கே வைத்தார். சட்டை கிழிந்து, சதை வாய் பிளந்து, வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அப்புறம்தான் ரத்தம் குபுகுபுவென்று வந்தது. "யா அல்லா" என்று அவர் தவிட்டுத் தொட்டியில் சாய்ந்தார். அப்பா மறுபடி கையை ஓங்கினார்.

அம்மா செவலையின் டின்னை ஆணியோடு பிடுங்கி அப்பாவின் முகத்தில் எறிந்தார்.

இரும்பும் கல்லும் நிறைந்த டின். நெற்றியில் பட்டு வெடித்தது. அப்பா மண்டியிட்டு விழுந்தார். நட்டுகள் சாணியில் உருண்டன. சிவப்புத் துணி அவர் காதோரம் ஒட்டிக்கொண்டு கிடந்தது. துணி எது ரத்தம் எது என்று தெரியவில்லை.

"நீங்க ரயில்ல பொறுக்கிட்டு வந்த நட்டு. மூடியப் பேத்து, இதப் போட்டு மறுபடி ஈயம் வச்சிருக்கீங்க. நாலு மாட்டுச் சோத்தத் தின்னதுமில்லாம, கூடப் பொறந்தவன் கையையும் ஒடிச்சீங்களே" என்றார் அம்மா. அழவில்லை. முந்தானையைக் கிழித்துப் பாயின் கையை இறுக்கிக் கட்டினார். கட்டிக்கொண்டே, "செவலைய ஓட்டிட்டுப் போங்கண்ணே. என்ன தருவீங்க?" என்று கேட்டார்.

பாய் ரத்தம் சொட்டும் கையை மடித்துக்கொண்டு மறுகையால் இடுப்பு வாரைத் திறந்தார். விலையைக் குறைக்கவில்லை. போலீசுக்கும் போகவில்லை. அந்த மனிதரைக் கசாப்புக்காரர் என்று நாங்கள் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறோம்.

செவலை போன காசில் மூன்று மாட்டுக்குத் தவிடு வந்தது. அவளைப் பெரிய ரோட்டுச் சடக்கு வரைக்கும் சித்தப்பாதான் இடக்கையால் பிடித்துப் போய் விட்டுவந்தார். அப்பா தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணன் தம்பியிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. நானும் கேட்கவில்லை. கஞ்சியை மட்டும் சிந்தாமல் கொண்டுபோய்க் கிட்ட வைத்தேன்.

தை பிறந்ததும் மயிலை, சுட்டி, கருப்பி மூன்றும் ஒரே வாரத்தில் கன்று போட்டன. கருப்பியின் கன்று செத்தே விழுந்தது. பட்டினி கிடந்த வயிறு. அவள் அதை நக்கி நக்கிப் பார்த்துவிட்டு, கிட்டே வந்தவர்களையெல்லாம் உதைத்தாள். அம்மாவை உதைத்தாள், அப்பாவின் தொடையில் குளம்பு இறங்கியது. மடி கல்லாக இறுகியது. முரட்டுத்தனமாக இழுத்ததில் ரத்தம் கலந்து இளஞ்சிவப்பாக வந்தது. அப்பா அதை மற்றப் பாலோடு கலக்கப் போனார். "ரத்தப் பாலையா முருகன் தலையில ஊத்தப் போறீங்க?" என்று அம்மா குவளையைத் தட்டிவிட்டார்.

மூன்று நாள் சித்தப்பா வேப்பிலைத் தண்ணீரைச் சூடு பண்ணி அந்த மடிக்கு ஒத்தடம் கொடுத்தார். நான்காம் நாள் பால் வெள்ளையானது. ஆனாலும் கறக்க விடமாட்டேன் என்றாள்.

பூசத்துக்கு முதல் நாள், உச்சி வெயில் சாய்கிற நேரம். கொட்டகைக்கு வெளியே மஞ்சள் உடுத்திக் குடத்தோடு நாற்பது ஐம்பது பேர். வேலையில்லாத காலத்தில்தான் வேண்டுதல் அதிகம். மயிலையையும் சுட்டியையும் அம்மா கறந்து முடித்துவிட்டார். பாதிக் குடம் காத்து நின்றது. மடி நிறையப் பாலோடு கருப்பி கண்ணைச் சிவக்க வைத்துக்கொண்டு நின்றாள்.

சித்தப்பா மூங்கில் பட்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். கை கோணலாகக் கூடியிருந்தது. காம்பைப் பிடித்தார். விரல் மடங்கவில்லை. மறுபடி முயன்றார். வேர்த்துக் கொட்டியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கையை எடுத்துவிட்டு, கருப்பியின் கழுத்துப் பக்கம் போய், தன் நெற்றியை அவள் நெற்றியில் வைத்தார். "என்னா தாயி... என்னா தாயி..." என்று கறவை நேரத்தில் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். அவள் உடம்பு ஒரு தரம் நடுங்கியது. காம்புகளிலிருந்து பால் தானாகச் சொட்ட ஆரம்பித்தது.

கறக்க ஆள் வேண்டுமே. அப்பா வந்து குவளையோடு உட்கார்ந்தார். தலையில் கட்டு. தம்பி கருப்பியின் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, அண்ணன் கறந்தார். இருவருக்கும் நடுவில் ஒரு மாட்டு நீளம்தான் இடைவெளி. அரை மணி நேரம் ஒரு சொல் இல்லை. அவர் கேட்டிருக்கலாம். அப்போது கேட்டிருக்கலாம்.

பால் அத்தனையும் விற்றது. அம்மா நினைத்ததைவிட இரண்டு பங்கு காசு. தவுக்கேயின் பாக்கி தீர்ந்தது. அப்பா சொன்ன கணக்குச் சரிதான் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்லியிருப்பார்கள்.

அம்மா அன்றே புது டின்கள் மூன்று கட்டினார். நான்காவதாக ஒன்றும் கட்டினார். அதில் சித்தப்பாவின் பழைய வேட்டியிலிருந்து கிழித்த வெள்ளைத் துணி.

"தம்பி, இது உனக்கு. தினம் அஞ்சு காசு போடுறேன். கை சரியாகிற வரைக்கும் நீ ஒண்ணும் செய்ய வேணாம்."

அம்மாவுக்குத் தெரிந்த நியாயம் அது. கறந்த வரைக்கும் கறந்தவர், இப்போது வற்றிவிட்டார், அவருக்கும் சோறு வேண்டும். அதைவிடப் பெரிய மரியாதை அந்தக் கொட்டகையில் கிடையாது. என் அம்மா மனதறிந்து யாரையும் இழிவு செய்தவரில்லை.

சித்தப்பா டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை எடுத்து மாடு கட்டும் முளைக்கல்லின் மேல் வைத்தார். அதே முளைக்கட்டையை இடக்கையால் எடுத்து ஓங்கி அடித்தார். ஒரு அடி, இரண்டு அடி, தகரம் தட்டையாகும்வரை அடித்தார். வெளியே இன்னும் கலையாமல் குடத்தோடு நின்றவர்கள் பின்வாங்கினார்கள்.

"நான் மாடில்ல அண்ணி" என்றார்.

கட்டையைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் வந்தார். அடிக்கப் போகிறார் என்று நான் முகத்தை மூடிக்கொண்டேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டையான தகரத்தை என் கையில் வைத்து, "பாப்பா, இத உங்கப்பாட்ட குடு" என்றார். சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ரயில் நிலையத்துப் பக்கம் நடந்தார். கருப்பி கத்திக்கொண்டே இருந்தாள்.

தகரத்தை நான் கொடுக்கவில்லை. வைக்கோலுக்குள் ஒளித்தேன். ஒரு வெள்ளத்தில் கொட்டகையோடு அதுவும் போயிற்று.

அவர் கிள்ளானில் பாயிடம் போய்ச் சேர்ந்ததாகப் பிறகு தெரிந்தது. இரண்டு பேரும் மாட்டு வண்டி வைத்துத் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றினார்களாம். அப்பா வெட்டின கை ஒருவருக்கு, அப்பா முறித்த கை மற்றவருக்கு.

அடுத்த பூசத்தில் அப்பா முதுகு முழுக்கக் கொக்கி குத்திக்கொண்டு, கன்னத்தில் வேல் பாய்ச்சி, பிரிக்பீல்ட்ஸிலிருந்து பத்துமலை வரை நடந்தார். அதற்கடுத்த வருஷமும் நடந்தார். சாகும்வரை ஒரு வருஷம் தவறவில்லை. சதை பிய்ந்து தொங்கும், முகம் சுளிக்கமாட்டார். "இப்படியொரு பக்தியைப் பாத்ததில்ல" என்று ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. எதற்காக அந்த ரத்தம் என்று எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். முருகனுக்கும் தெரிந்திருக்கும்.

கிள்ளானுக்கு ரயில் தினம் போனது. எங்கள் கொட்டகையிலிருந்து பார்த்தாலே தெரியும். போய்வர, ஒரு மாட்டின் டின்னில் பத்து நாள் விழுகிற காசு போதும். அப்பா அந்தச் சீட்டை எடுக்கவில்லை.

நானும் எடுக்கவில்லை. சின்னப் பிள்ளை, பிறகு கல்யாணம், பிறகு பிள்ளைகள் என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் கையில் இருந்தது. அவர் இறந்த செய்தியைப் பாயின் மகன் வந்து சொன்னபோது, நான் ஆறாவது மாதக் கர்ப்பிணி. சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்றார்கள். அதுவும் ஒரு காரணம்.

அதனால்தான் சகோதரிகளே, பூசத்தன்று நீங்கள் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது நான் ஓரமாக ஒதுங்கி நிற்கிறேன். அந்தப் பாலைத் தலையில் தூக்கினால் நானும் அப்பாவைப் போல் சாமியிடம் மட்டும் கணக்கை முடித்துக்கொண்டவளாக ஆகிவிடுவேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. நன்றாகத்தான் நடக்கிறேன்.